இரண்டு தடவை கேட்கவும்

முதலில் கேட்ட சத்தம் எலியுடையது என்றுதான் டெல்பின் நினைத்தாள், ஏனென்றால் ராத்திரி பதினொன்று பத்துக்கு, பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டில் கேட்கக்கூடிய சத்தங்களில் மற்ற எல்லாமே எலியைவிட மோசமானவை. ஆனால் அது கொறிக்கிற சத்தமாக இல்லை, இரும்பின் மேல் இரும்பு நிதானமாக வழுக்கிப் போகிற சத்தமாக இருந்தது, யாரோ ஒரு பெரிய மனிதர் தொண்டையைச் செருமுவதுபோல ஆரம்பித்து டக்கென்று முடிந்தது, அப்புறம் பக்கத்து வீட்டில் அதே சத்தம், அதற்கடுத்த வீட்டில் அதே சத்தம், அப்படியே தெரு நெடுக ஒன்றன் பின் ஒன்றாகப் போய், கடைசியில் மாதா கோயில் பெரிய கதவின் இரும்புத் தண்டு கழன்று கல்தரையில் விழுந்ததோடு நின்றது. டெல்பின் திரும்பிப் பார்த்தபோது அவள் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாள் விலகியிருந்தது, கதவு கையகலம் திறந்திருந்தது, கடற்காற்று உள்ளே வந்து பிள்ளையின் தலைமுடியைக் கலைத்தது.

தெருவுக்குப் பெயர் புதுத்துறைத் தெரு. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதையில் போய் முட்டி நிற்கிற தெரு, அதற்கு அந்தப் பக்கம் கடல். தண்டவாளத்திலிருந்து நாலாவது வீடு டெல்பினுடையது. கணவன் அருள் சரக்குக் கப்பலில் இரண்டாம் இஞ்சினியர். எந்தக் கடலில் இருந்தாலும் பத்து நாளைக்கு ஒருமுறை போனில் குரல் அனுப்புவான், "தாழ்ப்பாளப் போட்டுட்டுப் படு, என்ன" என்றுதான் ஒவ்வொன்றும் முடியும். பிள்ளை லியோனாவுக்குப் பதினாறு மாதம். நடக்கக் கற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. ராத்திரியில் முழித்தால் அழ மாட்டாள்; பாயிலிருந்து எழுந்து, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, ஆபீசுக்கு நேரமானவள்போல நடந்து போவாள், சுவர் வந்தால் சுவரில் முட்டி நிற்பாள், கதவு வந்தால் கதவில் முட்டி நிற்பாள். இதுவரைக்கும் கதவு நின்றது. அன்றிரவு டெல்பின் துப்பட்டாவின் ஒரு முனையைப் பிள்ளையின் காலிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தில் சரக்கு வண்டி போகும்போதெல்லாம் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டு, விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எந்த வீட்டிலும் எதுவும் களவு போயிருக்கவில்லை. அதனால் தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புக் காற்றுக்கு இரும்பு தேய்ந்திருக்கும் என்றார்கள். அடுத்த ராத்திரியும் பதினொன்று பத்துக்குத் தாழ்ப்பாள்கள் விலகின, அப்புறம் எத்தனை தடவை தள்ளிப் போட்டாலும் விடிகிற வரைக்கும் நிற்கவில்லை. முக்கில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் அண்ணாச்சியிடம் தெருவே போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கியது, பித்தளை, எவர்சில்வர், ஒரு முழ நீளத்தில் கோட்டைக் கதவுக்குப் போடுகிற மாதிரி ஒன்று, எல்லாம் அன்று ராத்திரி அதே நேரத்துக்கு அதே நிதானத்தோடு விலகின, அண்ணாச்சியும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டார். கயிறு போட்டுக் கட்டியவர்கள் வீட்டில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கட்டிலைப் போட்டுப் படுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கட்டிலோடு அறையின் நடுவுக்கு வந்து சேர்ந்தார், தூக்கம் கலையவில்லை. பீரோ திறந்தது, கோழிக்கூடு திறந்தது, கோயிலில் காணிக்கைப் பெட்டி திறந்தது. புறக்காவல் நிலையத்தில் அடைத்து வைத்திருந்த இரண்டு குடிகாரர்களின் கம்பிக் கதவும் திறந்தது; ஏட்டையா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்ல போயிப் படுங்கல, காலைல ஏழு மணிக்கு வந்திரணும்" என்று அனுப்பிவைத்தார், அவர்களும் குளித்து விபூதி பூசிக்கொண்டு ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் தெரு தன் ராத்திரியை அதற்கேற்ப மடக்கி வைத்துக்கொண்டது. எப்படியும் பதினொன்று பத்துக்குத் திறக்கத்தான் போகிறது, அதற்கு முன்னால் கண்ணை மூடி என்ன பிரயோஜனம் என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே போட்டு உட்கார்ந்தார்கள், சத்தம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனதும், பஸ் வந்துவிட்டதுபோல எழுந்து உள்ளே போனார்கள். கடிகாரத்தை அதை வைத்துத் திருப்பினார்கள். "தாழ் விட்டப்புறம் வாரேன்" என்று சொன்னால் என்ன மணி என்று எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்துத் தெருத் திருடன் ஒருவன், ஊருக்கே தெரிந்தவன், ஒருநாள் வந்து நாலு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இதில் தனக்கு வேலை எதுவும் இல்லை என்று முகம் வாடி நின்றான். டெல்பினுக்குப் பக்கத்து வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கிற ரெஜினாக்கா அவனுக்குக் கடுங்காப்பி கொடுத்து அனுப்பினாள். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு, ராத்திரி பதினொன்று பத்துக்கு மேல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் கூப்பிடாமல் நுழையக் கூடாது, புதுசாகக் கல்யாணம் ஆன வீடுகளை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று அறிக்கை வாசித்தார், பின் பெஞ்சில் சிரித்தவர்களைப் பெயர் சொல்லி அதட்டினார்.

டெல்பினுக்கு மட்டும் பழகவில்லை. பகலில் பிள்ளை தூங்கும்போது அவளும் தூங்கிப் பார்த்தாள், முடியவில்லை, தண்டவாளம் கண்ணுக்குள்ளேயே நீண்டு கிடந்தது. துப்பட்டாவில் கட்டினாள், அது அவிழ்ந்தது, கயிற்றில் கட்டினாள், அதுவும் அவிழ்ந்தது, பிள்ளையைத் தன் வயிற்றின் மேலேயே படுக்கவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கை மட்டும்தான் அவிழவில்லை, ஆனால் கைக்கு எத்தனை ராத்திரி வலிக்காமல் இருக்கும்? ஐந்தாம் நாள் ராத்திரி அவள் கண் ஒரு நிமிஷம் சொருகிவிட்டது. திறந்தபோது வயிற்றின் மேல் ஈரச் சூடு மட்டும் இருந்தது. அவள் தெருவுக்கு ஓடினாள். தெருவிளக்குக்குக் கீழே, யாரோ எடுக்க மறந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், நைட்டியின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள், அவள் மடியில் லியோனா உட்கார்ந்து அந்தச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பிள்ளையா?" என்றாள் அந்தப் பெண். "வெறசா நடக்கா. நான் கூப்பிட்டேன், திரும்பவேயில்ல."

டெல்பின் பிள்ளையைப் பிடுங்கி முகம், கை, கால், பாதம் என்று தடவிப் பார்த்த பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். ஜெபராஜ் அண்ணாச்சியின் தங்கை சுகந்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவனோடு ரயில் ஏறப் போனவளைப் பிளாட்பாரத்திலிருந்து கூட்டிவந்தார்கள். அதற்கப்புறம் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நாசரேத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று அண்ணாச்சி சொன்னார், தெருவும் அப்படியா என்று கேட்டுக்கொண்டது.

"எப்ப வந்திய நாசரேத்துலருந்து?" என்றாள் டெல்பின், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"நான் எங்கன போனேன்," என்றாள் சுகந்தி. "பின்கட்டு ரூம்லதான் கெடந்தேன். அதுக்குத் தாழ்ப்பாள் வெளியிலதான். இப்பம் தெறக்குதுல்லா. விடியதுக்குள்ள போயிப் படுத்துக்கிடுவேன்."

மறுநாள் இதைத் தெரு அறிந்தது, மறுநாள் மட்டுமல்ல முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தது, சொல்லப்போனால் ஆறு வருஷமாகவே பாதி அறிந்திருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி நாற்காலிகளை உள்ளே எடுக்கும்போது விளக்குக்கம்பத்துக்கு அடியில் ஒன்றை மட்டும் மறந்துபோவதுபோல விட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் அதன் மேல் ஒரு போர்வையும் மறந்து கிடந்தது.

டெல்பினுக்கு ஒரு வேலை இருந்தது, சம்பளமில்லாத வேலை, அதை யாருக்கும் விளக்கத் தெரியாததால் தெருவில் "கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதா" என்பதோடு விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குப் பொதுவாக விட்டுவைத்திருக்கும் ஓர் இயங்குதளம் இருந்தது, அதற்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கருவிகள் இருந்தன, ஒன்று நேரம் சொல்லும், ஒன்று வரிசைப்படுத்தும், ஒன்று நகல் எடுக்கும், அவை கெட்டுப்போகிற வரைக்கும் அவற்றின் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. அதில் ஒன்று டெல்பினின் பொறுப்பு. ஒரு புரோகிராம் ஒரு கோப்பில் எழுதும்போது வேறு எதுவும் குறுக்கே வராமல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நேரம் பிடித்த புரோகிராம் பாதியில் செத்துப்போகும், பிடி மட்டும் மிச்சமிருக்கும். டெல்பினின் கருவி தினமும் ஒருமுறை எல்லாப் பிடிகளையும் சுற்றி வந்து, ஆள் இருக்கா என்று கேட்டு, பதில் வராத இடத்தில் பிடியை அவிழ்த்துவிடும். அவ்வளவுதான். பிள்ளை வயிற்றிலிருந்தபோது டாக்டர் படுத்தே இருக்கச் சொன்ன ஐந்து மாதத்தில் அவள் அதைக் கற்றுக்கொண்டாள். அதைப் பதினெட்டு வருஷம் பராமரித்த கிழவர் ஒருவர், எனக்குக் கண் தெரியவில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியபோது, கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் கைதூக்கிப் பழகிய பழக்கத்தில் கைதூக்கிவிட்டாள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. எழுதியவரே தன் திருத்தத்தைச் சேர்க்கக் கூடாது, இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். டெல்பினுக்குச் சரி சொல்பவர் ஈவோ, ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்து மலைக் கிராமத்தில் ஆடு வளர்த்துக்கொண்டே இதையும் பார்ப்பவர், அவரை அவள் நேரில் கண்டதில்லை. தாழ்ப்பாள்கள் விலகத் தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் ஒரு புதுப் பதிப்பை அனுப்பியிருந்தாள். கருவி மெதுவாக இருக்கிறது என்று பலர் குறைபட்டிருந்தார்கள், பார்த்தால் அது ஒவ்வொரு பிடியிடமும் கேட்டதையே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது, கிழவர் எழுதிவைத்த பதினோரு வரிகள், அதற்கு மேலே ஒரு குறிப்பு: "இரண்டு தடவை கேட்கவும். ஏன் என்று எனக்கே மறந்துவிட்டது. எடுக்க வேண்டாம்." மறந்துபோன காரணம் ஒரு காரணமா? ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு மறு கையால் அவள் அந்தப் பதினோரு வரிகளையும் அழித்தாள். நாலே நிமிஷத்தில் ஈவோவிடமிருந்து பதில் வந்தது: "பார்த்தேன். சரி." எதுவுமே முடியாத நாட்களில், சோறு பாதி, குளியல் பாதி, தூக்கம் பாதி என்று கிடக்கிற நாட்களில், ஒன்று முடிந்தது என்று அவளுக்கு அன்றைக்கு அத்தனை சந்தோஷம்.

ஆறாம் நாள் காலையில் ரெஜினாக்கா இடியாப்பத் தூக்கோடு வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஏளா டெல்பின்!"

டெல்பின் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் பிள்ளை திடுக்கிட்டுக் கடிக்கும். சும்மா இருந்தாள்.

வாசலில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஏளா, இருக்கியா இல்லியா?"

"இருக்கேன்க்கா," என்றாள் டெல்பின்.

சொன்ன பிறகு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் வேலை இருக்கிறவர்கள் முதல் தடவையிலேயே பதில் சொல்வதில்லை. தூங்குகிறவர்கள் சொல்வதில்லை, வாய் நிறையச் சோறு வைத்திருப்பவர்கள் சொல்வதில்லை, அழுதுகொண்டிருப்பவர்கள் சொல்வதில்லை. அவர்களெல்லாம் செத்துப்போனவர்கள் இல்லை. அவள் அழித்த பதினோரு வரிகள் இதைத்தான் அறிந்திருந்தன. ஒவ்வொரு ராத்திரியும் எதுவோ தெருவில் வந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால், இங்கே பிடித்துவைக்க ஆளில்லை என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுப் போகிறது.

அவள் அன்றே பதினோரு வரிகளையும் திரும்ப எழுதினாள். பிழை அறிக்கை எழுத வேண்டும். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த விடுப்பு விண்ணப்ப முறைப்படி, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதி, மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, எங்கள் தெருவில் எல்லாத் தாழ்ப்பாள்களும் இரவு பதினொன்று பத்துக்கு விலகுகின்றன, எனக்கு நடக்கத் தெரிந்த குழந்தை இருக்கிறது என்று முடித்து, கீழ்ப்படிதலுள்ள டெல்பின் என்று கையெழுத்துப் போட்டாள். ஈவோ ஆச்சரியப்படவில்லை. "எங்கள் ஊரில் ஆடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன," என்று எழுதினார். "தினமும் பட்டியிலிருந்து வந்து சமையலறையில் நிற்கின்றன. காற்று என்று நினைத்தோம். இப்போது என் மனைவி அவற்றோடு பேசப் பழகிவிட்டாள். வெளியான பதிப்பைத் திருப்புவதென்றால் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பு யாருக்காவது உண்டா என்று ஒன்பது நாள் காத்திருப்போம்."

எதிர்ப்பு இருந்தது. எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். இப்போதுதான் வேகமாக இருக்கிறது, தயவுசெய்து திருப்பாதீர்கள் என்று பாதிப் பேர். மற்றவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசவேயில்லை, என் அம்மா ராத்திரியில் தோட்டத்துக்கு வருகிறாள், எங்கள் விடுதிப் பெண்கள் மொட்டைமாடியில் படுக்கிறார்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

டெல்பின் தாங்க முடியாமல் ரெஜினாக்காவிடம் சொன்னாள், அதாவது தெருவிடம் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. உன் கைவேலையா இது என்று கன்னத்தைத் தட்டினார்கள். ஒருத்தர் பைப்பில் தண்ணி வராததையும் அப்படியே பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பதால் பதினொன்று பத்தைப் பத்து மணியாக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்டார்.

"சரி பண்ணப்போறேன்க்கா," என்றாள் டெல்பின். "பழையபடி ஆயிரும்."

"எதுக்கு?" என்றாள் ரெஜினாக்கா. "காத்து நல்லாத்தான வருது. ஒம் பிள்ளைய நாங்க பாத்துக்கிட மாட்டோமா? தெருவே முழிச்சுக் கெடக்கு."

"பதினொன்னரைக்கு எல்லாரும் தூங்கிருதியளே."

"சுகந்தி தூங்குதாளா?" என்றாள் ரெஜினாக்கா, அப்புறம் சொல்லக் கூடாததைச் சொன்னவள்போல இடியாப்பத் தட்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

சரிசெய்யச் சொல்லி வந்தவர் ஒருவர்தான். ஜெபராஜ் அண்ணாச்சி தினமும் சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்து வாசற்படிக்குக் கீழேயே நின்றார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். கதவில்லாத ஊரில் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படியம்மா இருப்பது என்றார். அருள் தம்பி கடலில் இருக்கும்போது உங்களுக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் டெல்பினின் நெஞ்சுக்குள் இருந்த வார்த்தை, அவளைத் தவிர வேறு யாரும் பேசாத வார்த்தை, அதனால்தான் அவர் வாய் அசையும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட் பொட்டலத்தையே பார்த்தாள். "இன்னும் எத்தன நாளு டெல்பினம்மா?" என்று கேட்டு, அவள் சொன்ன நாளை விரலில் எண்ணிக்கொண்டு போனார்.

ராத்திரியில் சுகந்தி விளக்கடியில் உட்கார்ந்திருந்தாள். டெல்பினால் கண்ணைத் திறந்துவைக்க முடியாத நேரங்களில் பிள்ளை அவளிடம்தான் போனது. அவளுக்குத் தெரியாமல் டெல்பின் உள்ளே உட்கார்ந்து நாட்களை எண்ணினாள், எண்ணி முடிக்கிற நாள் வந்தால் பிள்ளை பிழைத்தது, எண்ணி முடிக்கிற நாள் வந்தால் அந்த நாற்காலி காலி, இரண்டும் ஒரே நாள்தான் என்பது தெரிந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

காத்திருப்பின் ஏழாம் நாள் மழை பெய்தது. மழைக்குச் சுகந்தி எதிர்வீட்டுத் தகரக்கூரைக்கு அடியில் ஒதுங்கியிருந்தாள், விளக்கு எரியவில்லை, டெல்பின் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். அவளை எழுப்பியது சரக்கு வண்டியின் ஊதல். ஓடினாள். மழையில் சேலை காலைத் தட்டியது. தெரு முடிகிற இடத்தில் ஜல்லிக்கற்களின் மேல் சுகந்தி குப்புற விழுந்து கிடந்தாள், அவளுக்கு அடியிலிருந்து லியோனாவின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கையிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நிலக்கரி வண்டி போய்க்கொண்டிருந்தது, ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, நாற்பத்தேழு பெட்டி. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு போன பிறகுதான் பிள்ளை அழுதது. சுகந்தியின் இரண்டு முழங்காலும் கிழிந்திருந்தன.

"கூப்பிட்டேன், கூப்பிட்டேன், திரும்ப மாட்டேங்கா," என்றாள் சுகந்தி, பல் கிட்டித்துப்போய். "ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உக்காந்து கல்லு பொறுக்குதா."

டெல்பின் அந்த ஈரத்தோடு வந்து ஈவோவுக்கு எழுதினாள். மதிப்பிற்குரிய இல்லை, கீழ்ப்படிதலுள்ள இல்லை. "என் மகள் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தாள்."

இந்தத் தடவை நாலு நிமிஷத்தில் பதில் வரவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. "உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்கத் தேவையில்லை. பதினோரு வரியையும் படித்தேன். மறுபடியும் படித்தேன். சரி. முதல் தடவையே படித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். நாளைக்கு நீங்கள் வெளியிடலாம்." கீழே இன்னொரு வரி இருந்தது: "ஆடுகளிடம் சொல்லிவிட்டேன்."

சுகந்தி அடுப்படியில் முழங்காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. டெல்பின் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைலேருந்து தெறக்காது," என்றாள்.

"தெரியும். அண்ணன் கலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கான். ரெண்டு நாளு முந்தி வருதாக்கும்."

"நான் சரிபண்ணாம இருக்கட்டுமா? சொல்லுங்க."

"கிறுக்கா ஒனக்கு?" என்றாள் சுகந்தி. "அந்தக் கழுத நாளைக்கும் கல்லு பொறுக்கப் போவும். எனக்கு இந்த முட்டியவச்சு ஓட முடியாது."

டெல்பின் கொஞ்ச நேரம் பிள்ளையின் ஈரத் தலையைத் துவட்டினாள். அவளுக்குப் பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்குள் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது, அது மிகவும் சின்ன யோசனை, கப்பலில் இருக்கிற அருளைக்கூடக் கேட்க வேண்டியதில்லை என்கிற அளவுக்குச் சின்னது.

"நாளைக்குப் பதினொன்னு பத்துக்கு நீங்க இங்க இருங்க," என்றாள். "வெளக்கடியில இல்ல. இங்க உள்ள."

"எந் தாழ்ப்பாள இப்பம் அவன் போடுததேயில்ல, நாளைக்குக் கடைய அடச்சுட்டு வந்துதான் போடுவான், அதுக்கு முந்தி வாரேன்," என்றாள் சுகந்தி.

மறுநாள் மத்தியானம் அவள் புதுப் பதிப்பை வெளியிட்டாள். சாயங்காலம் அண்ணாச்சி பிஸ்கட்டோடு வந்தபோது, ஆயிற்று என்று சொன்னாள், பொய் சொல்ல வரவில்லை. அவர் முதல் தடவையாகச் சிரித்தார். ராத்திரி தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பதினொன்று பத்து ஆனது. எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பதினொன்று பதினைந்து ஆனது, கடல் சத்தம்தான் கேட்டது, யாரோ "அவ்வளவுதானா" என்றார்கள், ஊர்வலம் வராமல் போன திருவிழாக் கூட்டம்போல ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஜெபராஜ் அண்ணாச்சி டார்ச்சோடு வந்தார். விளக்கடியில் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், அப்புறம் நேராக டெல்பின் வீட்டு வாசலுக்கு வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாயில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் லியோனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி, வா. நேரமாச்சு."

டெல்பின் எழுந்து வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, அவுங்க இன்னைக்கு இங்கன படுக்கட்டும்."

"இன்னைக்கா?"

"நாளைக்கும். எனக்குப் பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்."

"டெல்பினம்மா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "இது எங்க வீட்டு விஷயம். அருள் தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க தள்ளுங்க." ஒரு காலைப் படியில் வைத்து, கையைக் கதவில் வைத்தார். படிக்கு மேலே அவர் கால் வந்தது அதுதான் முதல் தடவை.

டெல்பின் நகரவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வாசலில் நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ரெஜினாக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, இந்நேரத்துக்கு நாசரேத்துக்கு ஏது பஸ்ஸு? அவ இங்கனயே கெடக்கட்டும்."

தெருவில் யாரோ சிரித்தார்கள், முதலில் ஒருத்தர், அப்புறம் நாலைந்து பேர், அது சந்தோஷமான சிரிப்பு இல்லை. உள்ளே போனவர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை, எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், ஆறு வருஷமாகப் பார்க்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் கை கதவில் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அது டார்ச்சை அணைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்ததுபோலக் கீழே இறங்கியது. கால் படியிலிருந்து இறங்கியது.

சுகந்தி எழுந்து வந்தாள். பிள்ளையை டெல்பினின் தோளில் சாய்த்தாள். கதவைப் பிடித்து, அண்ணனின் முகம் மறைகிற வரைக்கும் மெதுவாகச் சாத்தினாள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் போகும் என்று இருட்டில் தடவிப் பார்த்தாள், அதன் குமிழைக் கண்டுபிடித்தாள், உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் தள்ளினாள். அது குழிக்குள் போய் விழுந்தது, அவள் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.